அசையாக் கோப்புகள்: பழைய கணிப்பொறியின் வன்தட்டைச் சீர்செய்யும் முறை

தோற்றுவாய்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் பலவற்றிற்குக் கணிப்பொறி வந்து சேர்ந்தது 1990களின் பிற்பகுதியிலும் அதனை அடுத்த சில ஆண்டுகளிலுமாகும். தட்டச்சுப்பொறி இருந்த மேசையிலேயே அது வந்து அமர்ந்தது. வினாத்தாள், பாடத்திட்டம், ஆய்வேடு, சிறப்பு மலர் ஆகிய யாவும் அதிலேயே எழுதப்பெற்றன. அன்று தமிழ் எழுத்துருக்களுக்கு எல்லோரும் ஏற்ற பொதுக் குறியீட்டு முறை இல்லை. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தமக்கெனக் குறியீடு வகுத்துக்கொண்டனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. பின்னர் 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. இவற்றுக்கு முன்னும் இடையிலும் எழுதப்பெற்ற கோப்புகளுள் பல, அவை எழுதப்பெற்ற எழுத்துருவும் மென்பொருளும் உள்ள பழைய கணிப்பொறியில் மட்டுமே இன்றும் தமிழாகத் தெரிகின்றன. புதிய கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன.

இக்காரணத்தால் தஞ்சை, கும்பகோணம், நாகூர், அதிராம்பட்டினம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இக்காவிரிக் கழிமுகப் பகுதியில், கல்லூரித் துறையிலோ சிறு அச்சகத்திலோ நூலகத்திலோ பழைய கணிப்பொறி ஒன்று மூலையில் இருக்குமாயின், அதனை வெறும் பழம்பொருள் என்று தள்ளிவிடுதல் ஆகாது. இசுலாமியத் தமிழிலக்கியத்தைப் பொறுத்தவரை இது மேலும் பொருந்தும். சீறாப்புராணம் போன்ற பெருங்காப்பியங்களுக்குப் பதிப்புகள் பல உண்டு. ஆனால் படைப்போர், கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து எனும் சிற்றிலக்கிய வகைகளைச் சார்ந்த நூல்களுள் மறுபதிப்புக் காணாதவை பல. அவற்றுள் ஒன்றை ஆசிரியரோ மாணவரோ அரிதின் முயன்று தட்டச்சு செய்து வைத்திருப்பின், அக்கோப்பே அந்நூலுக்கு எஞ்சிய நல்ல படியாக இருத்தல் கூடும்.

அத்தகைய கணிப்பொறி நாளடைவில் மெதுவாகிறது. ஒரு கோப்பைத் திறக்க நெடுநேரம் ஆகிறது. வன்தட்டைச் சீர்செய்யும் டீஃப்ராக்மென்ட் என்னும் செயலை இயக்கினால், சில கோப்புகளை அசைக்க இயலவில்லை என்று அது நின்றுவிடுகிறது. உடனே, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடலாம் என்னும் எண்ணம் எழுகிறது. கோப்புகள் ஏன் அசைய மறுக்கின்றன, அவற்றுள் எவற்றை அசைக்கலாம், எவற்றை விட்டுவிடவேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிதறல் என்பது யாது?

வன்தட்டு, கொத்துகள் எனப்படும் சம அளவுள்ள சிறு பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. விண்டோஸ் எக்ஸ்பியில் ஒரு கொத்து பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுடையது. 40 கிலோபைட் அளவுள்ள கட்டுரை ஒன்றிற்குப் பத்துக் கொத்துகள் வேண்டும். அடுத்தடுத்துப் பத்துக் கொத்துகள் வெற்றிடமாக இருந்தால் கட்டுரை ஒரே தொடராக அமையும். இல்லையேல் நான்கு ஓரிடத்தும் மூன்று பிறிதோரிடத்தும் எஞ்சிய மூன்று வேறோரிடத்துமாகச் சிதறி அமையும். நாள்தோறும் கோப்புகளை அழித்தும் திருத்தியும் நீட்டியும் வருவதால் இச்சிதறல் பெருகுகிறது.

சிதறலால் கோப்பு கெடுவதில்லை. எந்தத் துண்டு எங்கே உள்ளது என்னும் குறிப்பைக் கணிப்பொறி தனியே வைத்துள்ளது. டாஸ், விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவற்றில் ஃபேட் என்னும் அட்டவணை இதனைச் செய்கிறது. அதில் ஒவ்வொரு கொத்துக்கும் எதிரே அடுத்த கொத்தின் எண் எழுதப்பட்டிருக்கும். ஒன்றன் முடிவைப் பற்றி அடுத்ததன் தொடக்கத்தை அடையும் இம்முறையை அந்தாதித் தொடை அறிந்த மாணவர் எளிதில் உணர்வர். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் பின்னுள்ளவை கிடைத்தற்கு அரியன ஆகும் என்பதையும் அவர்கள் உணர்வர்.

சிதறலால் நேர்வது காலத் தாழ்வேயாகும். நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 11 மில்லிநொடி ஆகும். வேண்டிய பகுதி படிப்புமுனையின் கீழ் வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5 அல்லது 6 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கும் கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும் எனக் கொள்வோம். ஆக, ஒவ்வொரு துண்டிற்கும் சுமார் 15 மில்லிநொடி கூடுகிறது. 400 துண்டுகளாகச் சிதறிய கோப்பிற்கு 6 நொடி வீணாகிறது. சிறிய கட்டுரையில் இது புலப்படாது. கணிப்பொறி தொடங்கும்போது திறக்கப்படும் பல நூறு கோப்புகளிலும் இது நேரும்போது, ஆசிரியர் வருகைப்பதிவை முடித்த பின்னும் திரை விழிக்காமல் கிடக்கிறது.

பொருள்கோளும் கோப்பின் ஒழுங்கும்

நன்னூலார் செய்யுளின் பொருள்கோளை எட்டாக வகுத்தார். அவற்றுள் மூன்று ஈண்டு நமக்குத் துணைபுரியும். சொற்கள் கிடந்த முறையிலேயே தடையின்றிப் பொருள் செல்வது ஆற்றுநீர்ப் பொருள்கோள். பல அடிகளில் சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டிய இடத்துக் கொண்டு சேர்த்துப் பொருள் காண்பது கொண்டுகூட்டு. அடிகளை எங்கே மாற்றி வைப்பினும் பொருள் வேறுபடாதிருப்பது அடிமறிமாற்று.

சிதறிய கோப்பைக் கணிப்பொறி கொண்டுகூட்டாகப் படிக்கிறது. சீர்செய்யும் நிரல், அத்துண்டுகளை வரிசையாக அடுக்கி, அதே கோப்பை ஆற்றுநீராகப் படிக்கும்படி செய்கிறது. இவ்வாறு செய்ய முடிவது பெரும்பாலான கோப்புகள் அடிமறிமாற்றின் இயல்புடையன ஆதலால்தான். அவை தட்டின் எப்பகுதியில் இருப்பினும், அட்டவணையில் குறிப்பு மாற்றப்பட்டால் போதும், பொருள் மாறாது.

ஆனால் எல்லாச் செய்யுளும் அடிமறிமாற்று ஆகா. அடி பெயர்த்தால் பொருள் சிதையும் செய்யுட்களே மிகுதி. அதுபோலவே, இடம் பெயர்த்தால் கணிப்பொறி இயங்காது போகும் கோப்புகளும் உள்ளன. அவையே நாம் காணப்புகுந்த அசையாக் கோப்புகள். எக்ஸ்பியின் சீராக்கத் திரையில் சிதறியவை சிவப்பாகவும், தொடராக உள்ளவை நீலமாகவும், வெற்றிடம் வெண்மையாகவும், அசையாதவை பச்சையாகவும் காட்டப்படும். 1993இல் வெளிவந்த எம்எஸ்டாஸ் 6இல் இருந்த டீஃப்ராக் நிரல் இவற்றை எக்ஸ் என்னும் எழுத்தால் காட்டியது. பச்சைப் பட்டையைக் கண்டு அஞ்சுவோர் பலர். அது நோயின் அறிகுறி அன்று. இப்பகுதியில் கைவைக்கவில்லை என்னும் அறிவிப்பே அது.

நீக்கி அளத்தல்

இவ்வறிவிப்பின் பொருளைத் தஞ்சை மண் நன்கறியும். பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில், முதலாம் இராசராசன் (985-1014) கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கு உள்ளது. ஊரின் அளந்த நிலம் முதலில் கூறப்பெறும். அதிலிருந்து ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு முதலியன கழிக்கப்பெறும். எஞ்சிய நிலத்திற்கே இறை கணக்கிடப்பெறும். வாய்க்கால் ஓடும் நிலத்தில் நெல் விளையாது. ஆனால் அவ்வாய்க்கால் இன்றேல் மற்றை நிலத்திலும் நெல் விளையாது. இவ்வுண்மையைக் கணக்கிலேயே பொதித்துவைத்தனர் அக்கால அளவையாளர்.

இன்றும் இப்பகுதி உழவர் ஒருவருக்கு மூன்று இடங்களில் துண்டு துண்டாக நிலம் இருப்பின், பக்கத்து நிலத்தாருடன் பரிவர்த்தனை செய்து ஒரே தாக்காகச் சேர்த்துக்கொள்வதுண்டு. அவ்வாறு சேர்க்கும்போது வாய்க்காலையும் பாதையையும் அடக்கத்தலத்தையும் யாரும் பெயர்ப்பதில்லை. வக்ஃபு நிலத்தின் இயல்பும் இத்தகையதே. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் அறத்திற்கு ஒப்படைத்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி, மூலத்தை நிலைநிறுத்தி விளைவை அறவழியில் செலவிடுதல் என்பதாகும். அந்நிலத்தை விற்றலோ கொடையளித்தலோ வாரிசுரிமையாக்கலோ இல்லை. அசையாமை அங்கே குறை அன்று. பிறர் பயன்பெறுதற்கு அதுவே அடிப்படை.

ஆகவே, வன்தட்டைச் சீர்செய்யப் புகுவோர் முதலில் அசையாதவற்றைக் கண்டு, அவை அசையாமைக்குரிய காரணத்தை அறிந்து, பின்னரே எஞ்சியவற்றில் கைவைத்தல் வேண்டும்.

அசையாமைக்குரிய காரணங்கள்

கோப்புகள் அசையாமைக்குக் காரணங்கள் ஐந்து. காரணம் வேறாயின் செய்ய வேண்டியதும் வேறாகும்.

ஒன்று, அடித்தளமாக இருத்தல். டாஸ் இயங்கும் கணிப்பொறியில் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்னும் கோப்புகள் மின்விசை தந்தவுடன் முதலில் தேடப்படுவன. பழைய பதிப்புகளில் இவை தட்டின் தொடக்கத்தில் குறித்த இடத்திலேயே இருத்தல் வேண்டும். என்டிஎஃப்எஸ் முறையில் எம்எஃப்டி என்னும் தலைமைக் கோப்பு அட்டவணை உண்டு. மற்றை எல்லாக் கோப்புகளின் இருப்பிடத்தையும் சொல்வது அதுவே. விண்டோஸ் 2000இல் அது முழுதும் அசையாது. எக்ஸ்பியில் அதன் தொடக்கப் பகுதி மட்டும் அசையாது. இவற்றை அப்படியே விட்டுவிடுதலே முறை.

இரண்டு, பயன்பாட்டில் இருத்தல். நினைவகம் போதாதபோது விண்டோஸ் வன்தட்டின் ஒரு பகுதியை நினைவகமாகக் கொள்கிறது. எக்ஸ்பியில் இதற்குரியது பேஜ்ஃபைல்.சிஸ். விண்டோஸ் 95, 98இல் வின்386.எஸ்டபிள்யூபி. துயில்நிலைக்குரிய ஹைபர்ஃபில்.சிஸ் என்பதும் இவ்வினத்தது; அதன் அளவு நினைவகத்தின் அளவே. விண்டோஸ் ஓடும்வரை இவை அதன் பிடியில் இருப்பதால், விண்டோஸுக்குள்ளிருந்தே இயங்கும் சீராக்க நிரலால் இவற்றைப் பெயர்க்க முடியாது. இவை காரணம் நீங்கினால் அசைவன.

மூன்று, குறியிடப்பட்டிருத்தல். டாஸ், விண்டோஸ் 95 காலத்துச் சீராக்க நிரல்கள், மறைவு, அமைப்பு என்னும் குறிகள் உடைய கோப்புகளைத் தொடாமல் விட்டன. அக்கால மென்பொருள்களுள் சில, திருட்டுப் படியைத் தடுக்கும்பொருட்டுத் தட்டின் குறித்த இடத்தில் ஒரு மறைவுக் கோப்பை வைத்து, அது அங்கேயே உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டன. கோப்பு இடம் மாறினால் மென்பொருள் தன்னைத் திருட்டுப் படி என்று கருதி நின்றுவிடும். பழைய மென்பொருள் ஒன்றையே நம்பியுள்ள கணிப்பொறியில் இதனை மறத்தல் கூடாது.

நான்கு, வெற்றிடம் போதாமை. கோப்பு அசையக் கூடியதே. ஆனால் அதனை ஒருசேர வைக்க இடமில்லை. எக்ஸ்பியின் சீராக்க நிரல் செவ்வனே இயங்கத் தட்டில் 15 விழுக்காடு வெற்றிடம் வேண்டும். 20 கிகாபைட் தட்டிற்கு இது 3 கிகாபைட் ஆகும். அறையில் நடக்கவே இடமில்லாதபோது பீரோவை எங்கே நகர்த்துவது?

ஐந்து, பழுது. தட்டின் ஒரு பகுதி தேய்ந்தோ சிதைந்தோ படிக்க இயலாது போனால், அப்பகுதி பழுது எனக் குறிக்கப்படும். இது அசையாமை அன்று, அழிவின் தொடக்கம். இங்கே சீர்செய்தலுக்கே இடமில்லை. படியெடுத்தல் ஒன்றே செய்யத்தக்கது.

செய்முறை

முதற்படி, படியெடுத்தல். தட்டின் கோப்புகளைச் சீராக்க நிரல் ஒவ்வொன்றாக எடுத்து வேறிடம் வைக்கிறது. ஆதலால், அதற்கு முன் அனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்தல் இன்றியமையாதது. எக்ஸ்பி உள்ள கணிப்பொறியில் பென்டிரைவைச் செருகினால் போதும். விண்டோஸ் 98இல் அதற்குரிய இயக்கி மென்பொருளை முதலில் நிறுவ வேண்டும். அது கிடைக்காவிடின், வன்தட்டைக் கழற்றி, ஐடிஇ தட்டை யுஎஸ்பியில் இணைக்கும் கருவியின் வழியாகப் புதிய கணிப்பொறியில் பொருத்திப் படியெடுக்கலாம். கட்டுரைக் கோப்புகளை மட்டும் எடுத்தல் போதாது. எழுத்துருக் கோப்புகளையும் விசைப்பலகை மென்பொருளையும் நிறுவுவதற்குரிய குறுவட்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கட்டுரை, திறவுகோல் இல்லாத பேழையாகும். ஒவ்வொரு நூலிலும் சில பக்கங்களை அச்சிட்டு வைத்தல், பின்னர் ஒருங்குறிக்கு மாற்றும்போது ஒப்புநோக்க உதவும்.

இரண்டாம் படி, மின்விசையை உறுதிசெய்தல். சீர்செய்தல் சில மணிநேரம் நீடிக்கும் பணி. இடையில் மின்சாரம் நின்றால், ஃபேட் முறையில் அமைந்த தட்டில் மேற்சொன்ன அந்தாதி அறுபட வாய்ப்புண்டு. என்டிஎஃப்எஸ் முறை தன் மாற்றங்களைக் குறித்துவைத்து மீளவல்லது. எனினும் யுபிஎஸ் இன்றி இப்பணியைத் தொடங்குதல் தகாது. ஐப்பசி, கார்த்திகை மழைநாள்களை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டா. 2018 நவம்பர் 16 அன்று கசா புயல் கரையைக் கடந்தபின் இப்பகுதியின் பல ஊர்கள் பல நாள்கள் மின்சாரமின்றி இருந்ததை நாம் அறிவோம். எடுத்த படிகளுள் ஒன்றை வேறு ஊரில் வைப்பது நன்று என்பதும் அப்புயல் தந்த பாடமாகும்.

மூன்றாம் படி, பிழை ஆய்வு. விண்டோஸ் 98இல் ஸ்கேன்டிஸ்க், எக்ஸ்பியில் செக்டிஸ்க் ஆகியவற்றை இயக்கி அட்டவணைப் பிழைகளைத் திருத்த வேண்டும். பழுதுற்ற பகுதிகள் உள்ளன என்று அறிக்கை வந்தால், அல்லது தட்டிலிருந்து டிக் டிக் என்னும் ஓசை கேட்டால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சீர்செய்தல், தட்டு முழுவதையும் படித்தும் எழுதியும் அதற்குப் பெருஞ்சுமை தருவது. தளர்ந்த தட்டு அதனைத் தாங்காது.

நான்காம் படி, அறிக்கையைப் படித்தல். எக்ஸ்பியின் சீராக்க நிரலில் அனலைஸ் என்பதை அழுத்தியபின் வியூ ரிப்போர்ட் என்பதை அழுத்தினால், மிகச் சிதறிய கோப்புகளின் பெயரும் அளவும் துண்டுகளின் எண்ணிக்கையும் தெரியும். பக்கக் கோப்பு எத்தனை துண்டுகளாக உள்ளது என்பதும் அதில் தனியே கூறப்படும். பலர் வண்ணப் பட்டையை மட்டும் பார்த்து முடிவு கட்டுகின்றனர். உரையை விடுத்து அட்டைப்படத்தைக் கண்டு நூலை மதிப்பிடுவது போன்றது இது.

ஐந்தாம் படி, இடம் உண்டாக்கல். குப்பைத்தொட்டி, தற்காலிகக் கோப்புகள் ஆகியவற்றை நீக்க வேண்டும். டிஸ்க் கிளீனப் வழியாக, அண்மையது ஒன்று நீங்கலாகப் பழைய மீட்புப் புள்ளிகளையும் நீக்கலாம். 15 விழுக்காடு வெற்றிடம் கிடைத்த அளவிலேயே, அசையாதவை என எண்ணப்பட்ட சில அசையத் தொடங்கும்.

ஆறாம் படி, ஓடும் நிரல்களை நிறுத்துதல். நச்சுநிரல் தடுப்பான், திரைக்காப்பு, கணிப்பொறியுடன் தாமே தொடங்கும் சிறு நிரல்கள் ஆகியன கோப்புகளைப் பற்றிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 98இல், தட்டின் உள்ளடக்கம் மாறிவிட்டது என்று கூறி, பணி மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்கே திரும்புவதற்கு இவையே காரணம். கணிப்பொறியைச் சேஃப் மோட் எனப்படும் காப்புநிலையில் தொடங்கிச் சீராக்கத்தை இயக்கினால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

ஏழாம் படி, துயில்நிலைக் கோப்பை நீக்குதல். எக்ஸ்பியில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று ஹைபர்னேட் என்னும் பக்கத்தில் உள்ள குறியை எடுத்துவிட்டால், ஹைபர்ஃபில்.சிஸ் தானே மறையும். பணி முடிந்தபின், வேண்டுமாயின் மீண்டும் குறியிடலாம்.

எட்டாம் படி, பக்கக் கோப்பைச் சீராக்கல். இதுவே பெரும்பாலான பச்சைப் பட்டைகளுக்குக் காரணமாதலின் சற்று விரிவாகக் காண்போம். 256 மெகாபைட் நினைவகம் உள்ள கணிப்பொறியில், எக்ஸ்பி இக்கோப்பிற்குத் தொடக்க அளவாக ஒன்றரை மடங்கு, அதாவது 384 மெகாபைட்டும், உச்ச அளவாக மும்மடங்கு, அதாவது 768 மெகாபைட்டும் வகுக்கிறது. தேவைக்கேற்ப அது நீளும். அருகில் இடமில்லாதபோது தொலைவில் நீளும். இவ்வாறே அது சிதறுகிறது. இதற்குத் தீர்வு, தட்டில் டி என்னும் இரண்டாம் பகுதி இருந்தால் பக்கக் கோப்பைத் தற்காலிகமாக அங்கு மாற்றுவதாகும். அப்பகுதி இல்லையெனில், திறந்த நிரல்கள் அனைத்தையும் மூடிவிட்டு, பக்கக் கோப்பு இல்லை என்னும் தெரிவைக் கொடுக்க வேண்டும். பின் கணிப்பொறியை மீளத் தொடங்கிச் சீராக்கத்தை இயக்க வேண்டும். முடிந்தபின், தொடக்க அளவும் உச்ச அளவும் ஒன்றாக இருக்கும்படி, எடுத்துக்காட்டாக இரண்டையும் 768 எனக் கொடுத்து, மீண்டும் தொடங்க வேண்டும். இப்போது அக்கோப்பு திரண்ட வெற்றிடத்தில் தொடராக அமையும். அளவு மாறாதாதலின் மேலும் சிதறாது. பக்கக் கோப்பு இல்லாத நிலையிலேயே கணிப்பொறியை விட்டுவிடுதல் கூடாது. நினைவகம் குறைந்த பொறி வேலையின் நடுவே நின்றுவிடும். மார்க் ருசினோவிச் என்பார் உருவாக்கிய பேஜ்டீஃப்ராக் என்னும் சிறு நிரல், விண்டோஸ் இக்கோப்பைக் கைப்பற்றும் முன்னரே, கணிப்பொறி தொடங்கும் தறுவாயில் அதனைச் சீராக்கித் தரவல்லது. அது எக்ஸ்பி காலத்துக் கணிப்பொறிகளுக்கு உரியது.

ஒன்பதாம் படி, நிறுத்துதல். மேற்கூறியன முடிந்தபின் ஒருமுறையோ இருமுறையோ சீராக்கத்தை இயக்கிய பின்னும் சில பச்சைப் பட்டைகள் எஞ்சும். அவை அடித்தளக் கோப்புகள். அவற்றைக் கண்டு மனநிறைவுடன் பணியை முடித்துக்கொள்ள வேண்டும்.

செய்யத்தகாதன

மறைவு, அமைப்பு என்னும் குறிகளை நீக்கிவிட்டால் எல்லாக் கோப்புகளும் அசையும் என்று சிலர் கூறுவர். அசையும் என்பது உண்மையே. அதன்பின் கணிப்பொறி தொடங்குமா, பழைய மென்பொருள் இயங்குமா என்பதற்கு உறுதியில்லை. எமக்குத் தெரிந்த அச்சகம் ஒன்றில், பச்சைப் பட்டைகள் போகவில்லை என்பதற்காகப் பழுதுபார்க்க வந்தவர் தட்டு முழுவதையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினார். கணிப்பொறி விரைவாக ஓடியது. ஆனால் அச்சுக்குக் காத்திருந்த ஒரு மலரின் பக்கங்கள் யாவும் மறைந்தன. அவற்றின் எழுத்துருவும் உடன் மறைந்தது. கட்டுரையாளர்கள் கைப்படிகளைத் தேடி எடுத்துத் தந்தவை மட்டும் மீண்டன. கைப்படி வைக்காதவர்களின் எழுத்து மீளவே இல்லை. விரைவு வேண்டியதே. ஆயினும் எதனை விரைவாகத் திறப்பதற்காக அவ்விரைவை நாடினோமோ, அதனையே இழந்தபின் அவ்விரைவால் வரும் பயன் யாது?

இன்று விற்பனையாகும் கணிப்பொறிகளில் பெரிதும் காணப்படும் எஸ்எஸ்டி என்னும் திடநிலைத் தட்டுகளுக்கு இம்முறைகள் பொருந்தா என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். அவற்றில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஆகவே சிதறலால் குறிப்பிடத்தக்க காலத் தாழ்வும் இல்லை. அவற்றைச் சுழல் தட்டுகளைப் போலச் சீர்செய்ய முயல்வது, வரம்புடைய எழுதும் ஆற்றலை வீணே செலவிடுவதாகும். 2009இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதலாக விண்டோஸே இவ்வேறுபாட்டை அறிந்து நடந்துகொள்கிறது.

சீர்செய்தபின்

பழைய கணிப்பொறியைச் சீர்செய்வது அதனை என்றென்றும் ஓட்டுவதற்காக அன்று. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்பு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவுற்றது. ஆகவே அப்பொறியை இணையத்தில் இணைக்காமல், அதனுள் உள்ள தமிழை வெளியே கொணரும் அளவுக்கு மட்டும் பயன்படுத்துதல் அறிவுடைமை.

வெளியே கொணர்தல் என்பது ஒருங்குறிக்கு மாற்றுதலாகும். இதிலும் ஒரு சிதறல் நீங்குவதைக் காணலாம். டிஸ்கி, டாப் போன்ற பழைய குறியீடுகளில் ‘கோ’ என்னும் எழுத்து, முன்னே கொம்பு, நடுவே ககரம், பின்னே கால் என மூன்றாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டாக, ஒலிக்கும் வரிசையில் அமைகிறது. முன்னும் பின்னும் சிதறிய உயிர்க்குறி ஒன்றுசேர்கிறது. மதுரைத் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1998 பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் தொடங்கிய அத்திட்டம், தொடக்கத்தில் டிஸ்கி முறையில் நூல்களை வெளியிட்டு, பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. உலகின் பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் பெறாது தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் அதனை வளர்த்தனர். ஒரு கல்லூரித் துறையின் மூலையில் கிடக்கும் கோப்புகளுக்கு அவ்வளவு பெரிய படை வேண்டா. ஆர்வமுள்ள நான்கு மாணவர்களும் அச்சிட்ட படியுடன் ஒப்புநோக்க ஓர் ஆசிரியரும் போதும்.

முடிவுரை

அசையாக் கோப்பு என்று கணிப்பொறி கூறுமிடத்து, அதனை எதிர்ப்பு என்று கொள்ளாமல் விடை வேண்டும் வினா என்று கொள்ளுதல் வேண்டும். இது அடித்தளமா, பயன்பாட்டில் உள்ளதா, காவற்குறி உடையதா, இடமின்றித் தவிப்பதா, பழுதுற்றதா என்று வினவினால் விடையிலேயே வழியும் கிடைக்கும். அடித்தளத்தை விட்டுவிடுக. பயன்பாட்டில் உள்ளதை விடுவித்து அசைக்க. குறியை மதிக்க. இடமில்லாததற்கு இடம் தருக. பழுதுற்றதினின்று உள்ளதைக் காத்துக்கொள்க.

மாணவர்கள் இவ்வாண்டு விடுமுறையில் தத்தம் ஊர்களில் பழைய கணிப்பொறி எங்கேனும் உள்ளதா என்று கேட்டறிந்து, அதில் உள்ள தமிழ்க் கோப்புகளின் பட்டியல் ஒன்றைத் துறைக்குக் கொணர்வாராக. சமுதாயப் பெரியோர்கள் தம் பொறுப்பில் உள்ள நூலகங்களிலும் அலுவலகங்களிலும் அத்தகைய பொறியைப் பழைய இரும்புக்கு விற்கும் முன்னர், ஒருமுறை அதன் தட்டில் உள்ளதைப் பார்த்தருள்வாராக. முன்னோர் ஓலையில் எழுதியதைச் செல் அரிக்காமல் காத்துத் தந்தனர். நாம் எழுதியதை நம் கைகளே அழிக்காமல் காத்தல் நம் கடன். அதற்கு வல்ல இறைவன் துணைபுரிவானாக.